ஆடி நடவுக்கு ஆனியில் நாற்று: வேலூர் வெயிலில் வீட்டு நிழலில் குழித்தட்டு நாற்றங்கால் அமைக்கும் முழு வழிகாட்டி

குளிர் நாடுகளில் காய்கறி நாற்றை வீட்டுக்குள் தொடங்குவது உறைபனிக்கு அஞ்சி. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் நாம் அதையே வெயிலுக்கு அஞ்சிச் செய்கிறோம். அந்நாட்டு வழிகாட்டிகளில் சொல்லப்படும் சூடேற்றும் விரிப்பும் மின்விளக்கும் நமக்குத் தேவையில்லை. நிழல், உப்புக் குறைந்த தண்ணீர், சரியான நாள் ஆகிய மூன்றும்தான் இங்கே நாற்றின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. புதிதாகத் தொடங்குவோரிடம் நான் தொடர்ந்து கண்டு வருவது, வேலைகளைச் செய்யத் தெரியாமை அல்ல. வரிசை மாறிச் செய்வதே. விதையை முதலில் வாங்கி, கலவையைக் கடைசியில் தயாரிப்பவருக்குக் குழித்தட்டில், அதாவது குழிக்கு ஒரு விதையாக நாற்று வளர்க்கும் சிறு குழிகள் கொண்ட தட்டில், பாதி முளைக்காது. அவர் விதைக் கடைக்காரரைக் குறை சொல்வார். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்ய வேண்டும்.

1. எதற்கு நாற்று, எதற்கு நேரடி விதைப்பு

தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகிய மூன்றும் நாற்று விட்டு நட வேண்டியவை. இவற்றின் விதை சிறியது; முளைத்த முதல் இரண்டு வாரங்களில் ஒரு நாள் வெயில் அதிகமானாலும் கருகிவிடும். அந்த இரண்டு வாரங்களை நம் கண் முன்னால், கைக்கெட்டும் இடத்தில் கழிக்கச் செய்வதே நாற்றங்காலின் பயன்.

வெண்டை, கொத்தவரை, அவரை, காராமணி, முள்ளங்கி, கீரை ஆகியவற்றை நேரடியாகக் கொல்லையிலோ தொட்டியிலோ விதைக்க வேண்டும். முள்ளங்கியின் ஆணிவேர் குழியில் வளைந்தால் கிழங்கும் வளைந்தே வரும். வெண்டையும் பயறு வகைகளும் வேகமாக வேர் இறக்குவதால், பிடுங்கி நடும்போது அடையும் அதிர்ச்சியில் நாம் மிச்சப்படுத்திய நாட்களை இழந்துவிடும்.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை ஆகிய கொடிகள் இரண்டுக்கும் நடுவே நிற்பவை. பெரிய குழியுள்ள தட்டிலோ சிறிய நெகிழிப் பையிலோ முளைக்க வைத்து, வேர் அசையாமல் 15 நாட்களுக்குள் நட்டால் நன்றாக வரும். அதற்கு மேல் வைத்திருந்தால், நேரடியாக விதைத்த கொடி அதை முந்திவிடும்.

2. நடும் நாளைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுதல்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழியை அப்படியே பிடித்துக்கொண்டு, ஆடிப்பெருக்கு அன்று மிளகாய் விதையைத் தட்டில் போடுபவர்கள் பலர். அந்தப் பழமொழி நேரடியாக விதைக்கும் பயிருக்குப் பொருந்தும். நாற்று விட்டு நடும் பயிருக்கு ஆடி நடவு மாதம். விதைப்பு மாதம் ஆனி. ஆடி 18இல் விதைத்த மிளகாய் நாற்று ஆவணிக் கடைசியில்தான் நடவுக்கு வரும். அது பூக்கத் தொடங்கும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். பூ உதிரும், இலையில் பூசணம் பிடிக்கும். ஆடியில் நட்ட செடியோ வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன்பே முதல் பறிப்பைக் கொடுத்துவிடும்.

விதைத்த நாளிலிருந்து நடவுக்குத் தக்காளிக்குச் சுமார் 25 நாட்கள், கத்தரிக்கு 30 முதல் 35 நாட்கள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாட்கள் வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் நட விரும்பினால் மூன்று வேறு நாட்களில் விதைக்க வேண்டும் என்பது இதன் பொருள். ஆடி 10ஐ, அதாவது ஏறத்தாழ ஜூலை 26ஐ, நடவு நாளாக வைத்துக்கொண்டால், மிளகாயை ஆனி 2ஆம் தேதி வாக்கிலும், கத்தரியை ஆனி 7 வாக்கிலும், தக்காளியை ஆனி 17 வாக்கிலும், கொடிகளை ஆனிக் கடைசியிலும் விதைக்க வேண்டும். கலவை தயாரிக்கும் வேலை மிளகாய் விதைப்புக்குப் பதினைந்து நாட்கள் முன்னதாக, வைகாசி 18 வாக்கில், கத்திரி வெயில் முடிந்த கையோடு தொடங்கிவிடும். இந்தத் தேதிகளைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே எழுதி வைப்பது நல்லது.

ஒரே நாளில் மூன்றையும் விதைப்பதுதான் புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை. அப்போது மிளகாய் இரண்டு இலையோடு நிற்கும்போதே தக்காளி தட்டை விட்டு வெளியே சாயத் தொடங்கிவிடும்; வயது முதிர்ந்து தட்டிலேயே மொட்டு வைத்த தக்காளி நாற்று, நட்ட பிறகு கிளை விடாமல் குட்டையாகவே நின்றுவிடும்.

ஏலகிரியிலும் ஜவ்வாது மலை ஊர்களிலும் இருப்பவர்கள் இந்தக் கணக்கோடு சில நாட்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் இரவு குளிர்ச்சியாக இருப்பதால் முளைப்பும் வளர்ச்சியும் தாமதமாகும்.

3. இடம்: இரண்டு இடங்கள் வேண்டும்

விதை முளைக்கும் வரை ஓர் இடமும், முளைத்த பின் வேறோர் இடமும் தேவை. ஒரே இடத்தில் இரண்டையும் முடிக்க முயல்வதால்தான் பாதித் தோல்விகள் நேர்கின்றன.

முளைப்புக்கு வெளிச்சம் வேண்டாம். சீரான வெப்பம் வேண்டும். இம்மூன்று பயிர்களும் 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் நன்றாக முளைக்கும். 35ஐத் தாண்டினால் தக்காளியின் முளைப்புத்திறன் சரியத் தொடங்கும். ஆனி மாதத்தில் நம் ஊரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை இந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும். எனவே கீழ்த்தளத்தில், மேற்குச் சுவரை ஒட்டாத, காற்றோட்டமுள்ள அறை மூலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓடு வேய்ந்த பழைய வீட்டின் நடை இதற்கு மிகவும் ஏற்றது.

முளைத்த பிறகு தேவைப்படுவது நிறைய வெளிச்சமும் குறைந்த வெயிலும். கிழக்கு நோக்கிய தாழ்வாரமாக இருந்து, காலை பத்து மணி வரை வெயில் விழுந்து, பின்னர் நிழல் வந்தால் அதுவே போதும். மொட்டை மாடிதான் உண்டு என்றால் 50 சதவீத நிழல்வலை கட்ட வேண்டும். வேலூர் வெயிலுக்கு அது போதாது என்று பலர் 75 சதவீத வலையை வாங்கிவிடுகிறார்கள்; அதன் கீழ் நாற்று கருகாது, ஆனால் நூல்போல நீண்டு, நடும் நாளில் நிமிர்ந்து நிற்காது. வெயில் கடுமையான நாட்களில் மட்டும் நண்பகலில் 50 சதவீத வலையின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு எடுத்துவிடலாம்.

தட்டுகளைத் தரையில் வைக்கக் கூடாது. மாடிக் காரைத் தளம் பகலில் உறிஞ்சிய சூட்டை இரவு வரை வெளியிடும். செங்கல் அடுக்கியோ பலகை போட்டோ இரண்டடி உயரத்தில் வைத்தால், அடியில் காற்று ஓடி வெப்பம் தணியும். அத்துடன், குழியின் அடித்துளை வழியாக வெளியே எட்டிப்பார்க்கும் வேர்நுனி காற்றுப்பட்டுக் காய்ந்து, உள்ளே புதிய பக்க வேர்கள் கிளைக்கும். மண் தரையில் வைத்த தட்டிலோ வேர் துளை வழியே தரைக்குள் இறங்கி, தட்டைத் தூக்கும் நாளில் அறுந்துபோகும்.

காற்றையும் மறந்துவிடக் கூடாது. ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்கிறோம். ஆனியில் தொடங்கிவிடும் மேலைக்காற்று தட்டைக் கவிழ்க்காவிட்டாலும் ஈரத்தை ஒரு மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டியோ சாக்குத் திரையோ கட்டிவிட வேண்டும்.

4. தண்ணீரைச் சோதித்தல்

விதை வாங்குவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். நம் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் உப்பேறியது. தோல் பதனிடும் தொழில் நடக்கும் பாலாற்றங்கரை ஊர்களில் இது இன்னும் கூடுதல். வளர்ந்த கத்தரிச் செடி தாங்கிக்கொள்ளும் உப்பை முளைவிடும் விதை தாங்காது. விதைக்குள் நீர் புகுவதையே உப்பு தடுக்கிறது.

வாளியின் விளிம்பில் அல்லது குழாயின் வாயில் வெள்ளைப் படிவு தடிமனாக இருந்தால், அந்த நீரை நாற்றுக்கு ஊற்ற வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருக்களில் அந்த நீரை ஒரு குடத்தில் பிடித்து, குளோரின் வாடை போக ஓர் இரவு திறந்து வைத்துப் பயன்படுத்தலாம். இருபது தட்டுகளுக்குக் கூட நாளொன்றுக்கு ஓரிரு குடங்களுக்கு மேல் தேவைப்படாது. மழை நீரைப் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் நாற்றுக்கு ஊற்றுவோர் உண்டு. அதில் உப்பு மேலும் அடர்ந்திருப்பதால் அது நாற்றுக்குக் கேடு.

இன்னொன்று: மாடித் தொட்டியிலிருந்து பிற்பகலில் குழாய் வழியாக வரும் நீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அதை அப்படியே தெளித்தால் இளங்குருத்து வெந்துவிடும். தண்ணீரை நிழலில் குடத்தில் வைத்துக்கொள்வது இதற்காகவும்தான்.

5. நார்த்தூளைக் கழுவிக் கலவை தயாரித்தல்

தோட்டத்துச் செம்மண்ணைத் தட்டில் நிரப்பக் கூடாது. அது இறுகி வேரை நெருக்கும், நாற்றழுகல் நோயின் வித்துகளைச் சுமந்து வரும், நடும்போது வேரோடு சேர்ந்து வராமல் உதிர்ந்துவிடும். தென்னை நார்த்தூள் இலேசானது. நீரையும் காற்றையும் ஒருசேரப் பிடித்து வைக்கும். ஆனால் கடையில் கட்டியாக விற்கும் நார்த்தூளில் பெரும்பாலும் உப்பு இருக்கும். பொட்டலத்தில் 'கழுவியது' என்று அச்சிட்டிருந்தாலும் நாம் ஒருமுறை கழுவியே தீர வேண்டும் என்பது என் கருத்து.

கட்டியைப் பெரிய தொட்டியில் போட்டு ஊறவிட்டு, உதிர்ந்ததும் பழைய சேலைத் துணியில் கட்டிப் பிழிந்து, நீரை மாற்றி மீண்டும் ஊறவிட வேண்டும். மூன்று முறை இப்படிச் செய்தால் பெரும்பாலும் போதும். குடிநீரின் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வீட்டில் இருந்தால், ஊற்றும் நீரின் அளவையும் பிழிந்து வரும் நீரின் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் நெருங்கி வந்தால் கழுவியது போதும். மீட்டர் இல்லாதவர்கள், பிழிந்த நீரின் காபி நிறம் வெளிறும் வரை கழுவலாம். இது துல்லியமான அளவுகோல் அல்ல, ஆனால் கழுவாமல் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

பிழிந்த நார்த்தூள் மூன்று பங்கு, சல்லடையில் சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு வாளிக் கலவைக்கு ஒரு கைப்பிடி பொடித்த வேப்பம் பிண்ணாக்கு ஆகியவற்றுடன், ஒரு தேக்கரண்டி டிரைகோடெர்மா விரிடி தூளையும் தூவிக் கலந்து, நிழலில் குவித்து ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும். பத்து முதல் பதினைந்து நாட்கள் வரை, மூன்று நாட்களுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும்.

இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க முடியாது. வேப்பம் பிண்ணாக்கு ஈரம் பட்டதும் மட்கத் தொடங்கிச் சூட்டையும் அம்மோனியாவையும் வெளியிடும். அன்றைக்கே கலந்து அன்றைக்கே விதைத்தால் முளைவேர் கருகும். மேலும், டிரைகோடெர்மா என்பது உயிருள்ள பூசணம். நோய்ப் பூசணம் வருவதற்கு முன்பே அது கலவையில் பரவியிருந்தால்தான் தடுத்து நிற்கும். குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தால் சூடு இல்லாமலும், மழை பெய்த மண்ணின் வாசனையோடும் இருக்க வேண்டும். மாட்டுச்சாணம் நன்றாக மட்காத தொழு உரத்தை இதில் சேர்க்கவே வேண்டாம்.

98 குழித் தட்டு ஒன்றை நிரப்பச் சுமார் 1.2 கிலோ ஈரக் கலவை பிடிக்கும். மாடித் தோட்டக்காரர்கள் வாங்கும் 650 கிராம் கட்டி ஊறிய பிறகு ஏறத்தாழ மூன்று தட்டுகளுக்குப் போதுமானது.

6. விதையைத் தேர்ந்து நேர்த்தி செய்தல்

பொட்டலத்தின் பின்புறத்தில் பரிசோதனை நாளையும் காலாவதி நாளையும் முதலில் படிக்க வேண்டும். கடை வாசலில் வெயில் படும்படி தொங்கவிட்ட பொட்டலத்தை வாங்குவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது. சித்திரை வெயிலை அங்கேயே கழித்த மிளகாய் விதை, தேதி மீதமிருந்தாலும் உயிர் மீதமில்லாமல் இருக்கலாம்.

நம் மாவட்டத்துக்கே உரியது இலவம்பாடி முள்ளுக் கத்தரி. 'வேலூர் முள்ளு கத்திரிக்காய்' என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்ற இந்த வகைக்கு அணைக்கட்டுப் பக்கத்து விவசாயிகள் சொந்த விதையையே எடுத்து வைக்கிறார்கள். அவர்களிடம் கிடைத்தால் வாங்கலாம். விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் விதை, உயிர் உரம் பற்றி விசாரிக்கலாம். தக்காளியில் பி.கே.எம்.1 போன்ற இயல்பான மகரந்தச் சேர்க்கையில் விதை பிடிக்கும் ரகமாக இருந்தால் அடுத்த ஆண்டுக்கு நாமே விதை எடுக்கலாம். கலப்பின விதையில் அது பயன்படாது, பிள்ளைச் செடிகள் தாயைப் போல் வராது.

விதை இளஞ்சிவப்பு அல்லது பச்சை நிறம் பூசப்பட்டிருந்தால் அது பூசணக்கொல்லி. அதை ஊறவைக்கவோ, அதன் மேல் உயிர்ப் பூசணத்தைப் பூசவோ கூடாது. மருந்து டிரைகோடெர்மாவைக் கொன்றுவிடும். கையுறையோடு எடுத்து அப்படியே விதைத்து, பின்னர் கையைச் சோப்பால் கழுவ வேண்டும். பூச்சு இல்லாத விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) என்பது பரிந்துரை. வீட்டளவில் பத்து கிராம் விதைக்கு ஒரு சிட்டிகை. ஆறிய வடிகஞ்சி சில சொட்டு விட்டுப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும்.

எத்தனை விதை வேண்டும் என்பதில் பேராசை கூடாது. ஒரு கிராம் தக்காளியில் சுமார் 300 விதைகள் இருக்கும். ஒரு வீட்டுக்கு இருபது செடிகளே மிகுதி.

7. தட்டு நிரப்பி விதைத்தல்

கலவையின் ஈரத்தைக் கைப்பிடியில் சோதிக்க வேண்டும். இறுகப் பிடித்தால் விரல் இடுக்கில் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும். கையைத் திறந்தால் உருண்டை நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உடைய வேண்டும். ஒழுகினால் நீர் மிகுதி, விதை அழுகும். உருண்டையே பிடிக்காவிட்டால் விதை பாதி ஊறி நின்றுவிடும். பாதி ஊறிக் காய்ந்த விதை பிறகு முளைக்காது.

குழிகளைத் தளர்வாக நிரப்பித் தட்டைத் தரையில் இரண்டு முறை தட்டினால் கலவை தானே அமரும். கட்டை விரலால் அழுத்தி நிரப்பக் கூடாது. பிறகு அதே அளவுள்ள வெற்றுத் தட்டை மேலே வைத்து மெல்ல அழுத்தினால் எல்லாக் குழிகளிலும் ஒரே ஆழத்தில் பள்ளம் விழும். ஆழம் அரை சென்டிமீட்டர் போதும். ஆழம் சீராக இருந்தால் முளைப்பும் ஒரே நாளில் வரும். அடுத்த படிக்கு அது மிகவும் தேவை.

குழிக்கு ஒரு விதை. 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டு போட்டு, பிறகு ஒன்றைப் பிடுங்க மனமில்லாமல் இரண்டையும் வளர்ப்பவர்களின் தட்டில் இரண்டுமே நலிந்திருக்கும். சந்தேகமான விதையென்றால் கூடுதலாக ஒரு தட்டு விதைப்பது நல்லது. விதைத்த பின் சலித்த நார்த்தூளை மேலே தூவி, உள்ளங்கையால் சமப்படுத்த வேண்டும். தட்டின் ஓரத்தில் பயிர், ரகம், விதைத்த நாள் மூன்றையும் பென்சிலால் எழுதிய சிறு பட்டையைச் செருக வேண்டும். பேனா மை ஒரு வாரத்தில் அழிந்துவிடும். முதல் இலைகளை வைத்துத் தக்காளி ரகங்களைப் பிரித்தறிய யாராலும் முடியாது.

8. அடுக்கி மூடி முளைக்க வைத்தல்

விதைத்த தட்டுகளை முளைப்பு அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் ஒரு வெற்றுத் தட்டை வைத்து, முழுவதையும் பாலித்தீன் தாளால் சுற்றி மூட வேண்டும். உள்ளே ஈரம் நிற்கும். முளைக்கும் வரை தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. ஒவ்வொரு பயிரையும் தனி அடுக்காக வைக்க வேண்டும், ஏனென்றால் அவை பிரிக்கப்படும் நாட்கள் வேறு.

மூடிய அடுக்கு ஒருபோதும் வெயிலில் இருக்கக் கூடாது. ஜன்னல் வழியே ஒரு மணி நேரம் வெயில் விழுந்தாலும் தாளுக்குள் விதை அவிந்துவிடும். அறை சூடாக இருந்தால் தாளின் மேல் நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்தலாம்.

இனி மிகக் கவனம் தேவைப்படும் இடம். தக்காளி அடுக்கை மூன்றாம் நாள் மாலையிலிருந்தும், கத்தரியை ஐந்தாம் நாளிலிருந்தும், மிளகாயை ஆறாம் நாளிலிருந்தும் காலை மாலை இரு வேளையும் திறந்து பார்க்க வேண்டும். சில குழிகளில் வெண்ணிறத் தண்டு கொக்கிபோல் வளைந்து கலவையைப் பிளந்து தெரிந்தால், அந்த நேரமே அடுக்கைப் பிரிக்க வேண்டும். எல்லாம் முளைக்கட்டும் என்று இன்னொரு நாள் காத்திருந்தால், முதலில் முளைத்தவை இருட்டில் இரண்டு அங்குலம் நீண்டு வெளுத்துவிடும். அப்படி நீண்ட தண்டைப் பிறகு எந்த வெளிச்சமும் உரமும் குட்டையாக்காது. பின்தங்கிய விதைகள் வெளியே வந்த பிறகும் முளைக்கும்.

9. வெளிச்சத்துக்குக் கொண்டு வருதல்

பிரித்த தட்டுகளை மாலையில் வெளியிடத்துக்கு மாற்றுவது நல்லது. இரவு முழுவதும் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும். அறைக்குள் ஜன்னலோரமாகவே வளர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மனிதக் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் அறை நாற்றுக்கு இருட்டே. தாழ்வாரத்தில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் தினமும் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும்.

வித்திலைகளின், அதாவது விதையிலிருந்து முதலில் விரியும் இரண்டு இலைகளின், மேல் விதைத்தோல் தொப்பியாக ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல், காலையில் ஒரு சொட்டு நீர் விட்டு ஊறவைத்தால் தானே கழன்று விழும்.

10. தண்ணீர், ஊட்டம்

பூவாளியின் நுண்ணிய துளை வழியாகவோ கைத்தெளிப்பானாலோ காலையில் முழுமையாக நனைக்க வேண்டும். ஆனி வெயிலில் மூன்று மணி வாக்கில் இரண்டாம் முறை இலேசாகத் தேவைப்படும். மாலை மங்கிய பிறகு ஊற்றினால் இலை ஈரத்தோடு இரவைக் கழிக்கும். நாற்றழுகலுக்கு அதைவிட வசதி வேறில்லை.

நார்த்தூளின் மேற்பரப்பு வெளிறிக் காய்ந்தாற்போல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். எனவே கண்ணை நம்பாமல் தட்டின் ஓரத்தைத் தூக்கிக் கனத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஓரக் குழிகள் நடுக்குழிகளைவிட விரைவாகக் காயும். அவற்றுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சுற்று ஊற்றலாம். ஒருமுறை முற்றிலும் காய்ந்த நார்த்தூள் மேலிருந்து ஊற்றும் நீரை ஏற்காது, நீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும். அப்போது தாம்பாளத்தில் ஓரங்குல நீர் வைத்துத் தட்டை அதில் கால் மணி நேரம் அமர்த்தினால் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

முதல் பத்து நாட்களுக்கு எந்த உரமும் வேண்டாம். விதையில் உள்ள சேமிப்பும் மண்புழு உரமும் போதும். உண்மையான இலைகள் இரண்டு வந்த பின், 18ஆம் நாள் வாக்கில், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றுவது வழக்கமான பரிந்துரை. வீட்டு நாற்றுக்கு அதில் பாதியே போதும் என்று நான் சொல்வேன். கொழுத்த நாற்று நடவு நாளின் காற்றைத் தாங்காது. இயற்கை வழியில் செல்பவர்கள் வடிகட்டிய பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம்.

11. நாற்றழுகலும் வெள்ளை ஈயும்

தண்டின் அடி நீர்க்கோத்துச் சுருங்கி, நாற்று ஒரே இரவில் சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். சாய்ந்த நாற்று பிழைக்காது. அந்தக் குழிகளைக் கலவையோடு எடுத்து அப்புறப்படுத்தி, தட்டைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, ஒரு வேளைத் தண்ணீரை நிறுத்தி, லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கரைசலை ஊற்றினால் மற்றவற்றைக் காக்கலாம். நோய்க்குக் காரணம் பெரும்பாலும் மிகுதியான நீரும் காற்றில்லாத மூலையுமே.

வெள்ளை ஈயின் கதை வேறு. அது தக்காளியில் இலைச்சுருள் நச்சுயிரியைப் பரப்புகிறது. நாற்றுப் பருவத்தில் தொற்றினால் அந்தச் செடியில் காயை எதிர்பார்க்க முடியாது, மருந்தும் கிடையாது. எனவே தடுப்பு ஒன்றே வழி. வீட்டுக் கொசுவலை இதற்குப் போதாது. வெள்ளை ஈ கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டரே இருப்பதால் கண்ணியில் புகுந்துவிடும். அங்குலத்துக்கு 40 அல்லது 50 கண்ணி உள்ள நைலான் பூச்சி வலையை வாங்கி, நான்கு குச்சி நட்டுத் தட்டுகளின் மேல் பெட்டி போல் போர்த்தி, அடியில் கல் வைத்து இடைவெளி இல்லாமல் செய்ய வேண்டும். உள்ளே ஆமணக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டால், புகுந்தவை ஒட்டிக்கொண்டு நமக்கும் செய்தி சொல்லும்.

மிளகாய் நாற்றில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப் பேன் என்று பொதுவாகக் கொள்ளலாம். இரண்டும் இலையின் அடியில் இருக்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதிச் சோப்புக் கரைசலில் கலந்து, மாலை வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கலாம். நண்பகலில் எண்ணெய் தெளித்தால் இலை பொசுங்கும்.

12. வெயிலுக்குப் பழக்குதல்

நிழலில் வளர்ந்த நாற்றை நேரே கொல்லையில் நட்டால் இரண்டு நாளில் வெளுத்துச் சுருண்டுவிடும். நடவுக்கு ஏழு நாட்கள் முன்பிருந்து பழக்க வேண்டும். முதல் இரண்டு நாட்கள் காலை ஒன்பது மணி வரை நிழல்வலையை விலக்கலாம். பிறகு பத்தரை வரை. கடைசி இரண்டு நாட்கள் பகல் முழுவதும். அதே நேரத்தில் பிற்பகல் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். இலை மாலையில் சற்றுத் தொய்ந்து இரவில் நிமிர்ந்தால் சரியான அளவு; காலையிலும் தொய்ந்திருந்தால் மிஞ்சிவிட்டது. நிழல்வலையை விலக்கினாலும் தக்காளியின் மேலுள்ள பூச்சி வலையை நடவு நாள் வரை எடுக்கக் கூடாது.

தண்டில் இலேசான ஊதா நிறமும் தடிப்பும் தெரிந்தால் நாற்று தயார். ஒரு நாற்றை அடியிலிருந்து விரலால் தள்ளிப் பார்த்தால் கலவை சிதறாமல் வேரோடு முழுக் கட்டியாக வெளிவர வேண்டும். சிதறினால் இன்னும் நான்கு நாட்கள் பொறுக்கலாம்.

13. நடவு

நான்கு மணிக்கு மேல் நட வேண்டும். இரவு முழுவதும் வேர் நீரை எடுத்துக்கொள்ளும். நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தட்டை நன்றாக நனைத்தால் கட்டி எளிதாகக் கழலும். தண்டைப் பிடித்து இழுக்காமல் அடித்துளையில் குச்சியால் தள்ளி எடுத்து, லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கரைத்த நீரில் வேர்க்கட்டியை இருபது நிமிடம் வைத்து நடலாம்.

தக்காளிக்கும் மிளகாய்க்கும் 60 × 45 சென்டிமீட்டர், கத்தரிக்கு 60 × 60 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். மாடியில் பைக்கு ஒரு செடி. தக்காளியைத் தட்டில் இருந்ததைவிட ஆழமாக, வித்திலை வரை புதைக்கலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். மிளகாயைத் தட்டில் இருந்த அதே மட்டத்தில்தான் நட வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து அழுகும். நார்த்தூள் கட்டியின் மேல் முனை வெளியே தெரியாதபடி மண்ணால் மூடுவது அவசியம். தெரிந்தால் அது திரிபோல் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும்.

நட்ட உடனே ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். மேற்குப் பக்கம் வேப்பங்கொத்து ஒன்றைச் செருகி வைத்தால் முதல் மூன்று பிற்பகல்கள் தப்பிவிடும். பத்தில் ஒரு பங்கு நாற்றைத் தட்டிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் செடி பட்டுப்போன இடங்களை நிரப்ப வேண்டும்; அதற்குப் பின் நிரப்பியவை பக்கத்துச் செடியின் நிழலில் எழாமலே போகும்.

14. தட்டுகளை எடுத்து வைத்தலும் மார்கழி நாற்றும்

காலியான தட்டுகளைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கால் மணி நேரம் அமிழ்த்தி, நல்ல நீரில் அலசி உலர்த்த வேண்டும். பழைய கலவையை மீண்டும் நாற்றுக்குப் பயன்படுத்தாமல் தொட்டிச் செடிகளுக்குக் கொட்டிவிடலாம். உலர்ந்த தட்டுகளை வெயில் படும் பரண்மேல் வைத்தால் அடுத்த முறை கையில் எடுக்கும்போதே நொறுங்கும், கட்டிலடியே நல்லது.

தை, மாசி நடவுக்காக மார்கழியில் இதே தட்டுகளை எடுக்கும்போது கணக்கு சற்று மாறும். அப்போது நம் ஊரில் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதால் மிளகாய் முளைக்கப் பத்து நாட்கள் வரை ஆகலாம். அடுக்கைச் சமையலறைப் பக்கம் வைப்பது உதவும். நிழல்வலை தேவையில்லை, நாள் முழுவதும் வெயில் கொடுக்கலாம். ஆனால் முன்பனி இலையில் தங்கினால் பூசணம் வரும் என்பதால், இரவில் தட்டுகளைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்து, காலையில் வெயில் வந்த பிறகு வெளியே கொண்டு வர வேண்டும். தண்ணீர் ஒருவேளை போதும். அதையும் காலை ஒன்பது மணிக்கு முன் ஊற்ற வேண்டாம்.